ஏழாவது லைன்

ஆஸ்பத்திரியில் கடிகாரம் வரையச் சொன்னார்கள்.
பன்னிரண்டு எண்களையும்
வலப்பக்கமே நெருக்கி வைத்தேனாம்,
ஷிஃப்ட் விடும் நேரத்து பஸ்ஸில்
மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்காருவது போல.
எனக்கு அது முழுக் கடிகாரம்தான்.

இன்று அவர்களே வந்திருக்கிறார்கள்
பொம்மனஹள்ளிக்கு,
ஒன்பது மாதமாய் நான் மிதிக்காத
ஏழாவது லைனுக்கு.
ஷாம்பவி மேடம். அட்டையில் செருகிய தாள்.
"பயப்படபேடி அக்கா,
தினமும் செய்வதைச் செய்யுங்கள்."

நூற்றிருபது மெஷின்
ஹெல்மெட்டுக்குள் புகுந்த குளவியாய் இரைந்தது.
ஓசூர் ரோட்டில் அன்றைக்கு
ஹெல்மெட் போடவில்லை என்பது வேறு கதை.

அதே மேஜை. அதே ட்யூப்லைட்.
காலர் முனை, பட்டன் துளை, பாக்கெட் தையல்.
விரல்கள் யாரையும் கேட்காமல் நடந்தன.
நூல் தொங்கினால் கத்தரி.
தையல் தாவினால் சிவப்பு ஸ்டிக்கர்.
இருபது சட்டை. இருபதும் முடித்து
நிமிர்ந்தேன்,
பரீட்சை பேப்பரை முதலில் நீட்டும் பிள்ளை போல.

மேடம் பதினான்காவதை எடுத்தார்.
ஒன்றும் பேசாமல்
அதன் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.
கஃப் தைக்கவே இல்லை.

சட்டைக்கு அது வலக்கை.
எனக்கு இடப்பக்கம்.
என் இடப்பக்கம்
சொல்லிக்கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போன வீடு.
பூட்டுகூடத் தெரியாது.
சுவர் என்று நினைத்துக் கடந்துவிடுகிறேன்.

"இன்னொரு தடவை" என்றார்.

வீட்டில் ராத்திரி
நான் போதும் என்று கையை உதறும்போது
என் மகன் தட்டைச் சுழற்றி வைப்பான்.
பாதிச் சோறு, ஒரு அப்பளம்,
தொடாத பொரியல்
எங்கிருந்தோ வந்து நிற்கும்.
முதல் வாரம் அவன் அழுதான்.
இப்போது பேசிக்கொண்டே சுழற்றுகிறான்.

சட்டையைச் சுழற்றினேன்,
காலர் என் வயிற்றைத் தொட.
காணாமல் போன கை
வலப்பக்கம் வந்து விழுந்தது.
கஃப், ஓரம், பட்டன்.
சிவப்பு ஸ்டிக்கர்.
மறுபடி சுழற்று. அடுத்தது.

பழைய கணக்கு
சட்டைக்கு முப்பத்தெட்டு நொடி.
இன்றைக்கு எழுபத்தொன்று.
மேனேஜர் நாகேந்திரப்பா
போனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

மேடம் நெடுநேரம் எழுதினார்.
எட்டிப் பார்த்தேன்.
வரியின் கடைசிச் சொல் மட்டும் கிடைத்தது:
'மாடபஹுது.'
செய்யலாம்.
அதற்கு முன்னால்
வெள்ளையாய்க் கிடந்த இடத்தில்
என்ன எழுதியிருக்கிறாரோ.
கொஞ்சமாகவா, முன்புபோலவா,
யாராவது துணைக்கு இருந்தாலா.

தலையைத் திருப்பு, இன்னும் திருப்பு என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்குள்
டீ பெல் அடித்தது.
மெஷின்கள் ஒவ்வொன்றாய் அடங்க
இடப்பக்கமிருந்து
செங்கமலத்தின் குரல்:

"காலையிலேர்ந்து
பக்கத்துலயேதான் நிக்கறேன் அருளக்கா."