நாலு லிட்டர்

உலான்பாத்தர் உதிரிபாகச் சந்தை.
மைனஸ் முப்பத்தொன்று.
கையுறையைக் கழற்றாமலே
இரண்டு டின்களை எடுத்து மேசையில் வைக்கிறாள் எங்க்தூல்.

ஒன்றில் என் காரைச் செய்த கம்பெனியின் முத்திரை.
இன்னொன்று வேறு யாரோ செய்தது.
அதன் முதுகில் எறும்பு எழுத்தில் ஒரு பட்டியல்,
பதினேழாவது வரியில் என் வண்டி.

"பொருந்தும்" என்கிறது லேபிள்.
கம்பெனி ஒப்புக்கொண்டதா என்பதைப் பற்றி மூச்சில்லை.
அந்த ஒரு சொல்லுக்கும் முத்திரைக்கும் நடுவே
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் துக்ரிக்:
தர்ஹானுக்கு நாலு பேரை ஏற்றிப்போய் இறக்கினால்
கையில் வருகிற காசு,
பெட்ரோலைக் கழிக்காமல்.

இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது
வண்டி உதறுகிறது,
நனைந்த நாய் உடம்பை உதறுமே, அப்படி.
பின்சீட்டில் பேச்சு ஒரு நொடி அறுந்துபோகும்.
போன வாரம் ஒருவர், பல் டாக்டராம்,
"அக்கா, இது போய்ச் சேருமா?" என்றார்.
"சேரும்" என்றேன்,
அந்த லேபிள் மாதிரியே.

பூரெவ்தோர்ஜ் அளவுகோலை உருவி
வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினான்.
சிவப்பாக இருக்க வேண்டியது
ஆறிப்போன டீயாக இருந்தது. தீய்ந்த வாடை.
மாற்றினால் பிழைக்கும் என்றான்.
மாற்றினால் செத்தும் போகலாம் என்றான்,
தேய்ந்த தகடுகளுக்கு
சில சமயம் அந்த அழுக்குத்தான் பிடிமானமாம்.
இரண்டையும் ஒரே குரலில் சொன்னான்.
இரண்டுக்கும் ஒரே கூலி.

விலை அதிகமான டின்னை எடுத்துக் குலுக்குகிறேன்.
எதற்குக் குலுக்கினேன்?
தேங்காயா வாங்குகிறேன்?

"உன் வண்டிக்கு எதை ஊற்றுவாய்?"
கேட்டுவிட்டேன் எங்க்தூலை.
"என்னுடையது கையால் கியர் போடுவது" என்றாள்,
கொஞ்சம் பெருமையாக.

அங்கிருந்தே பூரெவ்தோர்ஜுக்குப் போன் செய்தேன்.
மொத்தம் எத்தனை லிட்டர் பிடிக்கும்?
எட்டரை.
அடியில் போல்ட்டைக் கழற்றினால் எவ்வளவு வரும்?
மூன்றரை. நல்ல நாளில் நாலு.
மிச்சம்?
உள்ளே கன்வர்ட்டரில் ஒளிந்திருக்கும். அது வராது.

அது வராது.

நான்கு வருடம் எர்தெனெட்டில் ஒரு சுரங்கக்காரரிடம்,
அதற்கு முன்னால் கடல் தாண்டி நிகாதாவில்
யாரிடமோ இருந்த வண்டி.
டாஷ்போர்டுப் பெட்டியில் அவர்கள் விட்டுப்போனது
எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு ரசீது,
இளகி உறைந்த ஒரு மிட்டாய்.
எவர் எதை ஊற்றினார், எழுதி வைக்கவில்லை.
நான் முத்திரைபோட்டதையே ஊற்றினாலும்
முத்திரைக்கு ஆயுசு
மூடியைத் திருகும் வரைக்கும்தான்.
முதல் சிக்னலுக்குள்
ஊர்பேர் தெரியாததோடு கலந்திருக்கும்.

இது தெரிந்ததும் மனசு லேசாகும் என்று பார்த்தேன்.
ஆகவில்லை.
கால் விரல்கள்தான் மரத்துப்போயின.

விலை குறைந்ததில் இரண்டு வாங்கினேன்.
ஒன்று இன்றைக்கு,
ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் இன்னொன்று.
கலங்கின தண்ணீரை
மொண்டு மொண்டு தெளிவிக்கிற கணக்கு.
அப்படியும் முப்பதாயிரம் மிச்சம்.
கூலி இரண்டு தடவை என்பது
பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு உறைத்தது.

மறுநாள் விடியற்காலை
எஞ்சின்மேல் போர்த்திய கம்பளியை உருவி,
இருபது நிமிஷம் சூடாகவிட்டு,
நாலு பேரோடு கிளம்பினேன்.
பின்சீட்டில் ஒருத்தி
தன் மாமியாரின் வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.
ஒன்று.
இரண்டு.
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.
ஏதோ ஒரு சின்ன அசைவு.
உள்ளே இருந்தா, சாலையின் பனிக்கட்டியா,
என் கையேதானா,
சொல்லத் தெரியவில்லை.
அவள் பேச்சு நிற்கவில்லை.
நீதிபதி என்ன சொன்னார் என்ற இடத்துக்கு
வந்துவிட்டிருந்தாள்.