அரை அங்குலம் மீதம்

செவ்வாய்ப்பேட்டை ஹபீப் கடையில்
டப்பாவை விரலால் சுண்டிப் பார்த்துத்தான் எடுப்பேன்.
ஒரே தகட்டில் அழுத்தியது ‘தொம்’ என்று நிறுத்திக்கொள்ளும்.
பக்கத்தில் மடித்து ஒட்டியது ‘டங்ங்’ என்று இழுக்கும்.
இழுப்பது வேண்டாம் பாய், என்பேன்.
அந்த ஒட்டில்தான்
உருகிய மெழுகு வழி கேட்டுக்கொண்டு வெளியே வரும்.

இருபது கொண்டை ஊசி வளைவு,
மடியில் நூறு காலி டப்பா.
ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கச்சேரி.
கண்டக்டர் கேட்டார்: கல்யாணமா, காலி பண்ணிட்டுப் போறீங்களா?

ஏரிக்கு மேலே எங்கள் வீடு.
அமலதாஸ் மின்வாரியத்தில் லைன்மேன்.
சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழுந்தால்
அவர் மழைக்கோட்டு மாட்டிக் கிளம்புவார்,
நான் திரி ஏற்றுவேன்.
அவர் வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரும்வரை
என் வியாபாரம்.

மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.
மேலே பார்த்தால் காக்கட்டான் மொட்டு மாதிரி சுடர்.
மெழுகு அடியைத் தொடும் நேரம்
கீழே தோசைக்கல்.
கண்ணாடி என்றால் விரிசல் விட்டாவது சொல்லும்.
தகரம் ஒன்றும் சொல்லாது,
மேசையோடு மட்டும் பேசும்.

போன ஐப்பசியில் ஒரு ரிசார்ட் ஆர்டர். முந்நூறு டப்பா.
மேனேஜர் கீர்த்திவாசன் கேட்டார்:
மேலே காப்பிக்கொட்டை பதிச்சுக் கொடுங்க மேடம்,
ஏற்காடுன்னு கண்ணுக்குத் தெரியணும்.
பதித்தேன். அழகாகத்தான் இருந்தது,
மறைத்து என்ன.

சோதனைக்கு ஒன்று. மூன்றாவது மணி நேரம்.
ஒரு கொட்டை மிதந்து மிதந்து சுடரின் பக்கம் போனது,
மெழுகு குடித்திருந்த கொட்டை.
அதுவும் ஒரு திரிதான் என்று
அப்போதுதான் அதற்கே தெரிந்தது.
பிறகு அதன் பக்கத்துக் கொட்டைக்கு.
நான் வைத்த திரி ஒன்று,
எரிந்தது எத்தனை என்று எண்ணவில்லை.
சாண் உயரம். டப்பா முழுக்க ஒரே வாய்.

நனைந்தபடி உள்ளே வந்த அமலதாஸ்
தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினார்.
வேண்டாம்!
அது என் குரல் என்று பிறகுதான் புரிந்தது.
காய்ந்த எண்ணெயில் ஈரக்கை உதறிப் பார்த்திருப்பீர்கள்.
அதைக் கூரைவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இடுக்கியில் மூடியைப் பிடித்து
பக்கவாட்டில் நகர்த்தி, மூடினேன்.
உள்ளே ஒரு முனகல்.
வெளியே தூக்கிப் போட்டுடலாம், என்றார்.
தொடாதே, என்றேன்.
இருவரும் நின்றோம்.
அவர் கோட்டிலிருந்து சொட்டுவது கேட்டது.
விடிந்து எடுத்தபோது
டப்பாவின் விளிம்பு மயில்கழுத்து நிறம்.
கீழே வைத்திருந்த ஓட்டையும் தாண்டி
மேசைவிரிப்பில் வட்டமாக ஒரு பொத்தல்.

அதையே எடுத்துக்கொண்டு போனேன்.
எரியறதுக்குத்தானே மேடம் மெழுகுவத்தி? என்றார் கீர்த்திவாசன்.
பதில் யோசித்து வைத்திருந்தேன், வரவில்லை.
மூடியைத் திறந்து காட்டினேன்.
கொட்டை இல்லாமல் ஐம்பது போதும் என்றார்.
அட்வான்ஸை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.
மீதிக்குச் சேலத்தில் வேறு ஆள் கிடைத்துவிட்டாராம்.

என் டப்பாவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்:
அரை அங்குலம் மீதமிருக்கும்போது அணைக்கவும்.
ஆத்தூரிலிருந்து ஓர் அம்மா போனில் பிடித்துக்கொண்டார்,
காசு குடுத்து வாங்கினதை ஏன் மிச்சம் வைக்கணும்?
அந்த அரை அங்குலம் உங்களுக்கு இல்லீங்க,
உங்க மேசைக்கு, என்றேன்.
சிரித்தாரா, வைத்துவிட்டாரா தெரியவில்லை. கோடு அறுந்தது.

இன்றைக்கும் கரண்ட் இல்லை.
ஏரிக்கு அந்தப்புறம்
ரிசார்ட் ஜன்னல்களில் மஞ்சள் புள்ளிகள்,
மூடுபனியில் கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன.
என்னுடைய ஐம்பது எது, மற்றது எது
இங்கிருந்து தெரியாது.
பத்தரைக்கு ஒன்று அணைந்தது.
பிறகு இரண்டு சேர்ந்தாற்போல்.
கரண்ட் வந்து, அமலதாஸ் வந்து,
சோறு ஆறி,
ஒரு ஜன்னல் மட்டும் அப்படியே.

படித்துக்கொண்டிருக்கிறார்களா,
தூங்கிவிட்டார்களா?
ரிசார்ட் நம்பர் எங்கே எழுதி வைத்தேன்.