கறுப்பு மசி கூடுதல்

"இன்னாம்மா இது, பதினாறு பக்கமும் இருட்டு?"
லாங் பஜார் பின்சந்து அச்சகத்தில்
மாதிரித் தாளை டியூப்லைட்டுக்குக் காட்டித்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் ஜபருல்லா பாய்.
"மசி ஜாஸ்தி ஆவும். காயாது.
மார்கழிப் பனியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.
கொஞ்சம் நீலமாவது போடேன்,
கொழந்தைங்க பொஸ்தகம்தானே?"

நீலம் போட்டால் நிலா வந்துவிடும்.
நிலா வந்தால் எல்லோரும்
நிலாவையே பார்ப்பார்கள்.

நான் போனது அமாவாசைக்கு முந்தின இரவு.
ஒடுகத்தூர் தாண்டிப் பீஞ்சமந்தைக்கு ஏறும் வழியில்
ஜீப்பை அணைத்துவிட்டு ஏழுமலை சொன்னான்:
"கண்ணை நம்பாதக்கா.
காதைக் கழட்டி வெளியே வை."

முதல் பக்கம் பக்கி.
பகலெல்லாம் வெயில் குடித்த தார்ரோட்டில்
வயிற்றை ஒட்டிக்கொண்டு குளிர்காய்ந்தது.
டார்ச் பட்டதும் ஒரு சிவப்புப் பொட்டு,
பிறகு சிறகு,
பிறகு ரோடு.
பொட்டை மட்டும் விட்டுவைத்தேன்.

அப்புறம் தேவாங்கு.
கிளைமேல் இரண்டு கண்,
நடுவில் மூக்கு என்றொரு சந்தேகம்.
ஒரு கையை எடுத்து அடுத்த கையை வைப்பதற்குள்
எனக்கு பிளாஸ்க் டீ ஒரு டம்ளர் முடிந்துவிட்டது.

முள்ளம்பன்றிக்கு முகமே கிடைக்கவில்லை.
சாமைக் காட்டோரம் யாரோ
ஊசிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.
ஊசி ஊசியாய் வெள்ளைக் கோடு. அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் பக்கத்தில்தான் சண்டை.
பதிப்பகத்திலிருந்து எழுதியிருந்தார்கள்:
'குளிர்காலத்தில் கரடி தூங்கும் அல்லவா?
ஒரு குகை, ஒரு போர்வை,
வெளியே கொஞ்சம் பனிக்கட்டி.'

எந்த ஊர்க் கரடி?
எங்கள் கரடிக்கு இப்போதுதான் பந்தி.
இலந்தை பழுக்கும். புற்று ஈரமாய் இளகும்.
ஓட்டையில் வாயை வைத்து
பழைய சைக்கிள் பம்பு போல உறிஞ்சும்.
அந்தச் சத்தம் வரைக்கும்தான் போனேன்.
அதற்குமேல் ஏழுமலை விடவில்லை,
என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டான்.

ஆகவே கரடிப் பக்கத்தில் கரடி கிடையாது.
முழுக் கறுப்பு.
கீழ்மூலையில் மூன்று இலந்தைக் கொட்டை.

"இதுக்குப் போய் ஆர்ட் பேப்பரா?" என்கிறார் பாய்.

மடிப்பு வேலைக்கு வரும் கோமளவல்லியின் மகள்
பள்ளிக்கூடப் பையை இறக்காமல்
தாள்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.
இறங்கி வந்தாள்.
"கரடி எங்க?"
"உள்ளேதான்."
அவள் என்னை நம்பவில்லை.
அழுத்தித் தடவினாள். காயாத மசி,
ஐந்து விரலும் கறுப்பு.
மோந்து பார்த்தாள்.
முகத்தைச் சுளித்தாள்.
இன்னொரு முறை தடவினாள், இம்முறை மெதுவாக,
ஒரே பக்கமாக, எழுப்பிவிடக் கூடாதென்பது போல.

"முடி முடியா இருக்குது," என்றாள்.

பாய் கண்ணாடியைக் கழற்றித்
துணியால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.
"எத்தினி காப்பி?"
"ஆயிரம்."
"தை பொறந்துதான் தருவேன். அவசரப்படுத்தாத."

கொடியில் கிளிப் மாட்டித் தாள்களைத் தொங்கவிட்டு
டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பினார்.
மசியான கையைத் தூக்கிப் பிடித்தபடியே
அம்மாவோடு பஸ்ஸுக்குப் போனாள் அவள்,
எதிலும் படாமல்.

நான் கோட்டை வழியாக நடந்தேன்.
அகழி ஓரம் எதுவோ ஒன்று
தண்ணீரில் இறங்கியது.
நின்று கேட்டேன்.
அது புத்தகத்தில் இல்லை.