ஐந்தாம் அத்தியாயம்

இந்த மாவட்டத்தில் கடல் இல்லை.
கடலைப் பற்றிய அறிக்கையின் ஐந்தாம் அத்தியாயத்தை
காவேரிப்பட்டணத்தில், பேக்கரிக்கு மேல்,
மின்விசிறி சாய்ந்து சுற்றும் அறையில்
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தென்பெண்ணை கடலைத் தொடும் இடத்தில்
கரை தேய்கிறது.
இரண்டு தெரு, ஒரு ஐஸ் கம்பெனி போய்விட்டன.
மணல் கொட்ட வேண்டும்.
எங்கிருந்து என்பதுதான் என் அத்தியாயம்.
அங்கே எனக்குச் சொந்தம் யாரும் இல்லை.
அதனால்தான் என்னை அனுப்பினார்கள்.

மாற்று ஒன்று: கடலடியில் உறிஞ்சி எடுத்தல்.
கப்பல் வாடகையில் சைபர்களை
இரண்டு முறை எண்ணினேன்.
நண்டு, சிப்பி, வலை மூன்றும்
'தற்காலிகப் பாதிப்பு' என்ற சின்னக் கட்டத்துக்குள்
கால் மடக்கி உட்கார்ந்திருக்கின்றன.

மாற்று இரண்டு: எம்-சாண்ட்.
பர்கூர்ப் பக்கத்துக் கல், நேற்று கிரஷரில் உடைந்தது.
கையில் வைத்து மூடினேன்.
ஒவ்வொரு துகளுக்கும் முனை இருந்தது,
இன்னும் யாரோடும் உரசிப் பழகாத முனை.
சல்லடை கேட்ட அளவெல்லாம் சரி.
முட்டையிட வரும் ஆமை என்ன கேட்கும் என்று
சல்லடைக்குத் தெரியாது.

மாற்று மூன்று: கிருஷ்ணகிரி அணையின் வயிறு.
பரிசலில் போய் மூன்று இடத்தில் குழாய் இறக்கினோம்.
மேலே வண்டல், ராகிக் களிப் பதத்தில்.
நீர் விலகிய மேற்கு ஓரத்தில், அதன் அடியில்,
மணல்.
முனை மழுங்கியது,
ஊடே கருந்துகள் மினுங்குவது,
கடலுக்கென்று புறப்பட்டு
வழியில் இறக்கிவிடப்பட்டது.

அந்த ஓரத்தில்தான் திப்பம்மா வெள்ளரி போட்டிருக்கிறாள்.
தண்ணீர் வற்றும் நாலு மாதம் அவள் நிலம்.
பட்டா இல்லை, வரப்பு உண்டு.
"எத்தினி லாரி?" என்றாள்.
நாளைக்கு இருநூற்றுப் பத்து. நானூறு நாள்.
"அந்த ஊர்ல எத்தினி வூடு?"
என்னிடம் கரையின் நீளம் மட்டும் இருந்தது, மீட்டரில்.
ஒரு காயை ஒடித்துப் பாதி தந்தாள்.
"காம்புப் பக்கம் கசக்கும், துப்பிடு."
அதற்குள் விழுங்கியிருந்தேன்.

மாற்று நான்கு: ஒன்றும் செய்யாமல் விடுதல்.
இதை யாரும் புதிதாக எழுதுவதில்லை.
'அரிப்பு தொடரும், எனவே ஏற்கத்தக்கதல்ல' என்று
பழைய அறிக்கையிலிருந்து ஒட்டியிருந்தது.
ஊர்ப் பெயரைக்கூட மாற்றவில்லை.
அந்த வரிக்குள்
வேறொரு கடற்கரை அரிந்துகொண்டிருந்தது.

எதிரே அடகுக்கடையில்
ஒருவர் தோட்டைக் கல்லில் உரசி
மாற்றுப் பார்க்கிறார்.
ஒரு கீறல் போதும் அவருக்கு.
எனக்குக் கல் இல்லை.
செலவு, காலம், தூசி, இரைச்சல், உயிரினம் என
ஐந்து பத்தி,
பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண்.

இரவு பதினொன்றுக்கு இன்னொரு வரிசை சேர்த்தேன்.
மாற்று ஐந்து: வெள்ளக் காலத்தில் அடிமதகைத் திறந்து
மணலை ஆற்றோடு அனுப்பிவிடுதல்.
லாரி: இல்லை.
டீசல்: இல்லை.
காலம்: மழையைப் பொறுத்து.

காலையில் வேதாசலம் சார் போன் செய்தார்.
"அஞ்சாவதை எடுத்துடு. கீழே சாத்தனூர் இருக்கு,
மணல் அங்கே போய் உட்காரும்.
அப்புறம் அதுக்கொரு அறிக்கை எழுதணும்."
சிரித்தார். கணக்கு சரிதான், நானும் சிரித்தேன்.
நீக்கினேன்.
வரிசை எண்கள் தாமாகவே நெருங்கி உட்கார்ந்தன.

நான்காவதில் ஊர்ப் பெயரைத் திருத்தினேன்.
'அணை கட்டிய நாளிலிருந்து
இந்த ஆற்றில் ஒன்றும் செய்யாமல் விட்ட நாள் இல்லை'
என்று ஒரு வரி. அது நிற்குமா, தெரியாது.
மூன்றாவதில், பாதிக்கப்படும் பயிர்:
வெள்ளரி, நாற்பது சென்ட், ஒருவர்.
மதிப்பெண் போடாமல் விட்டேன்.

இப்போது சென்னை பஸ்ஸில் இருக்கிறேன்.
மூன்றாம் மாற்றிலிருந்து இரண்டு கிலோ,
பை எண் ஏழு, ஆய்வகத்துக்கு.
என் மடியில் கிழக்கே போகிறது,
டிக்கெட் இல்லாமல்.