கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது

தார்த்து நகரில் ஆறு உறைந்த வாரம்.
நள்ளிரவில் சான்றிதழ் காலாவதியாகி
பாட் வாயடைத்துப் போனது.
விடியும்வரை வாசலில் காவலில்லை.
ஒப்பந்தம் போடாத மூன்று பேர் உள்ளே வந்து
ஒருவர் காற்புள்ளியைத் திருத்தினார்,
ஒருவர் கோடைநேரக் கணக்கை,
மூன்றாமவர் எதையோ உடைத்துவிட்டுப் போனார்.

கம்பளிக் காலுறையோடு சமையலறையில் நின்று
மாரிகா புதுச் சாவியை ஏற்றினாள், சர்வரை எழுப்பினாள்.
அவள் எழுதியதுதான். எழுநூறு வரி,
இரக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை.

எழுந்தது சும்மா இருக்கவில்லை.
பழையதையெல்லாம் முதல் நாளிலிருந்து துழாவியது.
காபி ஆறுவதற்குள் சிவப்புப் புள்ளி:

"வணக்கம், மாரிகா லெப்பிக்.
பங்களிப்புக்கு நன்றி.
இதன் உரிமை உங்களுடையதுதானா?
கையொப்பத்துக்குக் காத்திருக்கிறேன்."

லெப்பிக்.
டோனிஸின் குடும்பப் பெயர்.
அந்த மின்னஞ்சல் முகவரி
அவன் கம்பெனிச் சர்வரில் செத்து
நான்கு குளிர்காலம்.

இருநூற்றுப் பதினோரு கமிட்டுகள்,
பாதி, அடுத்த அறைக் குறட்டையைக் கேட்டபடி எழுதியவை.

விலக்குப் பட்டியலில் பெயரைச் சேர்த்தால்
ஒரு நிமிட வேலை.
கை போனது.
போன வாரம்தான் பெல்கிரேடு பையன் ஒருவனுக்கு
'யாருக்கும் விலக்கில்லை' என்று எழுதியிருந்தாள்.

படிவத்தைத் திறந்தாள்.
பெயர்: மாரிகா சில்ட்.
முந்தைய பெயர்: தட்டினாள், ஒரு எழுத்து பிசகி
மறுபடி தட்டினாள்.
இவற்றை எழுதியது நானே. ஆம்.
வேறு எவருக்கும் இதில் பாத்தியதை இல்லை.
அந்தக் கட்டத்தை மட்டும்
கொஞ்சம் அழுத்தியே சொடுக்கினாள்.

பச்சை.
பாட் அதற்குள்
அடுத்த பெயருக்குப் போய்விட்டது.