எதிர் இருக்கை வானம்

தாபாவில் ரயில் ஏறும்போது
வானம் இன்னும் வந்திருக்காது.
எட்டரை மணி. டிசம்பர்.
ஜன்னலில் தெரிவதெல்லாம் பெட்டிக்குள் இருப்பதுதான்:
ஆரஞ்சுக் கைப்பிடி, என் கம்பளித் தொப்பி,
யாருடைய பூட்ஸிலிருந்தோ உருகும் பனி.

யானெடாவில் அவர் ஏறுவார்.
எதிர் இருக்கை. ஃபிளாஸ்க். கறுப்பு ரொட்டி.
ஃபிளாஸ்க்கில் ஒட்டிய பிளாஸ்திரியில் பெயர்:
எண்டெல் ரவுத்செப்.
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
எஸ்தோனியாவில் அது பகையல்ல, மரியாதை.

ஏக்வீது தாண்டியதும்
பைன் மரங்களின் இடுப்புக்குக் கீழே ஒரு கோடு வெளுக்கும்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
போனை எடுப்பேன்.

பல்தான் என் பிழைப்பும்.
தாலினில் ஒரு பட்டறையில் பொய்ப்பல் செய்கிறேன்.
பதினாறு வெள்ளைகள் இருக்கின்றன எங்களிடம்,
எண் போட்டு, விசிறி மாதிரி கோர்த்து.
வாயருகே பிடித்துப் பார்த்து
எந்த வெள்ளை இவருடையது என்று சொல்ல வேண்டும்.
அந்தப் புத்தி வானத்தையும் விடுவதில்லை.
இன்று, காபி குடிப்பவரின் கடைவாய்.
நேற்று, பால்பல்.
பத்தொன்பதாம் தேதி, கெஹ்ரா காகித ஆலைப் புகைக்குப் பின்னால்
எந்த எண்ணிலும் இல்லாத ஓர் ஈறு நிறம்,
நான்கு நிமிடம்.
எடுத்தேன். ரயில் குலுங்கியது. கலங்கலாக வந்தது.
கலங்கலை அழிக்க மனம் வரவில்லை.

மூன்றேகால் ரயிலில் திரும்பும்போது
தண்டவாளத்தின் அதே தெற்குப் பக்கம்.
காலையில் எழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே
சூரியன் படுக்கப் போய்க்கொண்டிருக்கும்.
பகல் முழுதும் அது போன தூரம்
ஒரு சோம்பேறி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்த தூரம்.
மாலைப் படங்களில் என் முகம்தான் விழும்.
அவற்றை யாருக்கும் அனுப்பியதில்லை.

காலைப் படங்களைத் தங்கை மாரெத்துக்கு அனுப்பினேன்.
நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"யார் இந்த ஆள்?" என்று கேட்டிருந்தாள்.

அப்புறம்தான் பார்த்தேன்.
நாற்பத்தொரு வானம்.
நாற்பத்தொன்றிலும் அவர்,
காட்டுக்கு மேலே, கையில் ரொட்டியோடு,
தோளை ஊடுருவிக்கொண்டு ஆலையின் புகைபோக்கி,
காதோரம் ஒரு சிவப்பு சிக்னல்.
எல்லாவற்றிலும் கண் மூடியிருந்தார்.

தூக்கம் என்றுதான் நினைத்தேன்.
தூங்குகிறவர் ரொட்டியை எப்படிக் கடிப்பார்?
நான் போனை உயர்த்தும்போது மட்டும் மூடுகிறார்,
பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தால்
பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கடப்போமே,
அப்படி.

மறுநாள் சொல்லிவிட நினைத்தேன்.
சொல்லவில்லை.
எடுத்தேன். மூடினார்.

பிப்ரவரி சொல்லிக்கொண்டு வருவதில்லை.
கெஹ்ராவில் ஏறிக்கொண்டிருந்த வெளிச்சம்
ஏக்வீதுவில் ஏறத் தொடங்கியது.
பிறகு ஒரு நாள் தாபாவிலேயே
எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.
படங்களில் அவர் கரைந்தார்.
முதலில் கோட்டு போனது. பிறகு காதுகள்.
ஒரு வாரம் ரொட்டி மட்டும் தனியாக வயலுக்கு மேல் மிதந்தது.
கடைசியில் ஃபிளாஸ்க் மூடியின் ஒரு மினுக்கு.

இருபத்தாறாம் தேதி, பனிவயல், துடைத்த வானம்,
விளம்பரங்களில் சிரிக்கிறவர்கள் கேட்டு வாங்கும் வெள்ளை.
அதில் யாரும் இல்லை.
நிமிர்ந்து பார்த்தேன்.
எதிரே இருந்தார். கோட்டில் ரொட்டித் துகள்.
கண் மூடிக் காத்திருந்தார்.

ராசிகுவில் போனை உள்ளே வைத்தேன்.
"முடிந்ததா?" என்றார்.
நான் நினைத்திருந்ததைவிட மெலிந்த குரல்.
மேல் வரிசையில் இடது கோரைப்பல்
மற்றவற்றைவிட ஓர் எண் வெளுப்பு,
எவனோ அவசரத்தில் செய்தது.
அதைச் சொல்லவில்லை.
"நீங்கள் இப்போதெல்லாம் படத்தில் விழுவதில்லை" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தார்,
பர்ஸைத் தொலைத்தவர் இருக்கைக்கு அடியில் பார்ப்பதுபோல, நிதானமாக.

"நவம்பர் வரட்டும்" என்றார்.
மூடியைத் திருகினார்.