14/20

அடிவாரம் தாண்டிப் பதின்மூன்று வளைவு
பஸ் ஒழுங்காக ஏறுகிறது.
பதினாலில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது
திரை உறைந்து,
ஹாரன் மட்டும் ஒரே சுருதியில் இழுத்து,
பிறகு டெஸ்க்டாப்.
மேகமில்லாத வானம். ஓரத்தில் குப்பைத்தொட்டி.

இந்த வாரத்தில் நாற்பத்தோராவது முறை.
எண்ணுவது என் தொழில்.
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைக் கணக்கு:
ஜோடி ஜோடியாய், கிராம் கிராமாய்,
அரும்பு உதிர்ந்ததற்குத் தனி நோட்டு.

பஸ் யாரோ நாமக்கல்காரர் செய்தது.
மலைப்பாதை நான் போட்டது, எட்டு மாதம்.
ஹாரனை நஸ்ருதீன் பழைய பஸ் ஸ்டாண்டில்
போனில் பிடித்தான்.
அழுத்தும்போதெல்லாம் பின்னால் ஒரு குரல்
"ஓமலூர் ஓமலூர்" என்று கூவும்,
ஏற்காட்டுக்குப் போகிற பஸ்ஸில்.
பனிமூட்டம் போலந்துக்காரர் ஒருவருடையது.
குரங்குகள் எங்கிருந்து வந்தன, தெரியாது.
மொத்தம் அறுபத்து நான்கு மோட்.
யாருக்கும் யாரையும் தெரியாது,
ஒரே வண்டியில் ஏறிவிட்டார்கள்.

குரங்கத் தூக்குடா என்றான் நஸ்ருதீன்.
தூக்கினேன். விழுந்தது.
டிரைவர மாத்து என்றான்.
எந்த டிரைவரை என்று கேட்கவில்லை,
இரண்டு பேரையும் மாற்றினேன்.
விழுந்தது.

பாதியை இறக்கிவிட்டு ஓட்டு.
விழுந்தால் கோளாறு உள்ளே,
விழாவிட்டால் வெளியே.
முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு.
பனி போன பிறகு மலை
மழிக்கப்பட்ட முகம் போலிருந்தது.
ஹாரன் இல்லாமல் வளைவில் திரும்புவது
யார் வீட்டுக்குள்ளோ சொல்லாமல் நுழைகிற மாதிரி.
நான்கு.
கீழே பாலிஷ் டிரம் ஓடத் தொடங்கினால்
மாடியில் என் விளக்கு ஒருமுறை மங்கும்.
இரண்டு.

மிஞ்சியவை என் பாதையும் பயணிகளும்.
தனித்தனியாக இரண்டும் சாது.

பதிவுக் கோப்பில் பதினோராயிரம் வரி.
கடைசிக்கு முந்தைய வரி,
நாற்பத்தொரு முறையும் அதே வரி:
பயணி 23. இறங்குகிறார். இடம்: இல்லை.

பதினாலில் நிறுத்தம் கிடையாது.
நான் வைக்கவில்லை.
23ஐ அழித்தால் முடிந்தது.
விரல் டெலீட்டின் மேல் இருந்தபோது
சன்னலில் விடிந்திருந்தது,
ஞாயிற்றுக்கிழமை.

நிஜ பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.
ஐஸ்கிரீம் பிள்ளைகள், கூலிங்கிளாஸ் தம்பதிகள்,
ஒன்பதாவது வளைவில் ஒரு வாந்தி.
முன் சீட்டில் மடியில் புது மிக்ஸிப் பெட்டியோடு ஒரு அம்மா:
"பதினாலுல நிறுத்திருங்க கண்ணு."
"அங்க என்னம்மா இருக்குது?"
"எறங்குறதுக்கு எடம் இருக்குதுங்க."

கண்டக்டர் விசில் அடித்தார்.
14/20 பலகைக்குப் பின்னால்
கைப்பிடிச் சுவர் இரண்டு முழம் உடைந்திருந்தது.
கால் வைக்கிற அளவு சமதரை.
பிறகு சரிவு, சில்வர் ஓக் நடுவே
ஒற்றையடித் தடம்.
பெட்டியைத் தலையில் ஏற்றி
அவர் இறங்கிப் போனதை
பஸ் திரும்பி முடிக்கும்வரைதான் பார்க்க முடிந்தது.

எட்டு மாதம் அந்தச் சுவரை
முழுசாகக் கட்டி வைத்திருந்தேன்.

இரவு அதை உடைத்தேன்.
சமதரை போட்டேன்.
தடத்தை ஏழு மீட்டர் வரைந்தேன்,
அவ்வளவுதான் பார்த்தது.
பிறகு ஓட்டினேன்.

பதினாலு. பஸ் நின்றது.
கதவு திறந்து மூடியது.
பதினைந்து என்று பலகை வந்ததும்
நஸ்ருதீனுக்குப் போன் போட்டேன்.
தூக்கத்தில் கேட்டான்:
"குரங்க திருப்பி வச்சியா?"

இன்னும் இல்லை.
கண்ணாடியில் 23 தெரிகிறாள்,
ஏழாவது மீட்டரில்,
தலையில் பெட்டி இல்லாமல்,
அடுத்த அடிக்குத் தரை வரட்டும் என்று
நிற்கிறாள்.